முள்முருக்கடி ஞானம்

கனகலிங்கத்துக்கு ஞானம் வந்துவிட்டது என்ற செய்தி, கனகலிங்கம் வந்து சேர முதலே மயிலிட்டிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு கைபேசி இருக்கிற காலத்தில் ஞானம் மட்டும் இரகசியமாய் வருமோ?

கமலாவதி அந்த நேரம் பின்வளவுக் கொட்டிலில் அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மகள் தனுஷிகாவுக்கு வருகிற புதன்கிழமை கலியாணம். விடிந்தால் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கு, இங்கே கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்றல். எண்ணெய்ச் சட்டி ஒரு பக்கம் கொதிக்க, உதவிக்கு வந்த பெண்டுகளின் வாய் மற்றப் பக்கம் கொதிக்க, தனுஷிகா கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

“அம்மா, அப்பாவைப் பாருங்கோ! அப்பாவுக்கு ஒளி கிடைச்சிட்டுதாம்!”

“ஆருக்கு? என்ன கிடைச்சதாம்?”

“அப்பாவுக்கு! ஞானம் அம்மா, ஞானம்!”

பெண்டுகள் அகப்பைகளைப் போட்டுவிட்டு எழும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள். படத்துக்குள்ளே கனகலிங்கம் கழுத்தில் மாலையோடு நின்றார். வெளிநாட்டிலிருந்து வந்த சாமியார் ஒருவர், பட்டும் பளபளப்புமாய், அவருடைய உச்சந்தலையில் கையை வைத்திருந்தார். பின்னால் ‘மூன்று நாளில் முழு ஒளி’ என்று எழுதிய பெரிய பதாகை. கனகலிங்கத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“கண்டறியாத ஞானம்!” என்றாள் கமலாவதி. “பந்தலுக்கு வாழைக்குலை பேசிக்கொண்டு வாங்கோ எண்டு அச்சுவேலிச் சந்தைக்கு அனுப்பின மனிசன். அங்கை ஆரோ சாமி வந்திருக்காம், இருந்து கேட்டிட்டு வாறன் எண்டு போனிலை சொல்லிப்போட்டு மூண்டு நாளா அப்பிடியே இருந்திட்டார். குலை எங்கையாம்? முதல் அதைக் கேள்!”

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள்ளே நெஞ்சு படபடவென்று அடித்தது. எப்படி அடிக்காமல் இருக்கும்? கட்டின மனிசனுக்கு ஞானம் வருவது தினமும் நடக்கிற சங்கதியோ! இஞ்சின் படகில் கடலுக்குப் போய்வந்த மனிசன், நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு வீட்டோடு கிடந்து, காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் கைபேசியில் பிரசங்கமே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது வீண்போகவில்லைப் போலும் என்று அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

பக்கத்து ஒழுங்கை மக்டலீன் அக்கா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள். கிறிஸ்தவ வேதக்காரி என்றாலும், இந்த வீட்டில் பலகாரச் சூடு என்றால் முதல் ஆளாய் வந்து நிற்பவள். “எங்கடை வேதத்திலையும் ஒருத்தருக்குப் போற வழியிலை ஒளி அடிச்சதடி, கமலம். அடிச்ச உடனை மூண்டு நாள் அந்த மனிசனுக்குக் கண் தெரியேல்லை. உன்ரை ஆளுக்குக் கண் தெரியுதோ எண்டு முதல் பார்” என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கமலாவதியும் சிரித்தாள். ஆனால் அவளுடைய கண் தன்பாட்டில் கிழக்குப் பக்கத்துத் தகரவேலிக்குப் போய்விட்டது.

அந்த வேலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறு யாருமல்ல, அவளுடைய கூடப்பிறந்த அண்ணை செல்வரட்ணம். தகப்பன் இருந்த காலத்தில் இரண்டும் ஒரே வளவு. கமலாவதியின் கலியாணத்தோடு பாதியைச் சீதனமாய்ப் பிரித்து, நடுவில் வேலிக்குக் கதியால் தடிகள் நட்டார்கள். நட்ட கதியால் வேர்விட முதலே சண்டை வந்து ஊரே ஓடியது. பிறகு இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி. முகாம், உறவுக்காரர் வீடு, வாடகை வீடு என்று தலைமுடி நரைத்த பிறகுதான் காணியை விட்டார்கள். வந்து பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, ஒரே பற்றைக்காடு. கிணறு மட்டும் அண்ணையின் பங்கில் கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, முதுகு வளைந்த பெரிய முள்முருக்கு மரம் ஒன்று தனியே நின்றது. பழைய கதியால்தான் மரமாய் வளர்ந்துவிட்டது என்று கமலாவதி நினைத்தாள். அந்த மரம் கமலாவதியின் பங்குக்குள் வர, அதை ஒட்டியே தகரம் அடித்து எல்லை போட்டார்கள்.

அவள் மதில் கட்ட வெளிக்கிட்டபோதுதான் வினை வந்தது. நேராய் மதில் வரவேண்டுமென்றால் மரத்தைத் தறிக்கவேண்டும். தறிக்க ஆட்களைக் கூட்டி வந்த நாள், செல்வரட்ணம் மரத்துக்கு முன்னால் வந்து நின்றார். “உந்த மரத்திலை ஆரும் கை வைக்கவேண்டாம்.” ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் பங்கில் நிற்கிற மரத்தை வெட்ட உங்களைக் கேட்கவேணுமோ என்றால் அதற்கும் பதில் இல்லை. அந்த நேரம் கனகலிங்கம் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் பிளந்த நெஞ்சோடு கிடந்தார். மனிசன் பிழைப்பாரோ என்ற பயம் ஒரு பக்கம், மதில் ஆட்களின் புறுபுறுப்பு ஒரு பக்கம். கமலாவதி ஊர் பார்க்க, “காணிக்கள்ளன்!” என்று கத்திவிட்டாள். செல்வரட்ணம் திரும்பி வீட்டுக்குள் போனார். மதில் வரவில்லை. கதைபேச்சும் அன்றோடு போனது.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு வெய்யில் காலமும் விடிய எழும்பிப் பார்த்தால் அந்த மரத்தடி ஈரமாயிருக்கும். மழை இல்லை, பனி இல்லை, அங்கே மட்டும் ஈரம்! தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி, வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாய் அரக்குகிறார் என்று கமலாவதி முடிவு கட்டினாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு வேலியடியில் ஈரத்தைக் கண்டால் வேறு என்ன நினைக்க வரும், சொல்லுங்கோ?

இப்போது பெட்டைக்குக் கலியாணம். அவர்கள் குடும்பத்து வழக்கப்படி கன்னிக்காலுக்குரிய முள்முருக்கந்தடியைத் தாய்மாமன்தான் வெட்டித் தரவேணும், அவர்தான் ஊன்றவேணும். தனுஷிகாவுக்கு இருப்பது ஒரே ஒரு மாமன். கலியாணக் கார்டை ஊர்ப் பெரியவர் அருளம்பலம் மாஸ்டரிடம் அண்ணைக்குக் கொடுத்து விட்டாள். அண்ணை வாங்கி வைத்தாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தானே போய்ப் படலையில் நின்று “அண்ணை” என்று ஒரு சொல் கூப்பிட்டால் முடிகிற காரியம். அந்த ஒரு சொல் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. மகளின் கன்னிக்காலுக்கு அண்ணை இல்லாமல் போனால், செத்தாலும் தன் மனம் ஆறாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை.

பின்னேரம் ஓட்டோவில் கனகலிங்கம் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி ஓட்டோக்காரனிடம் கொடுத்து, “காலம் எண்டு ஒண்டு இல்லை, தம்பி, நீ வைச்சிரு” என்றார். அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

“வாழைக்குலை எங்கை?” என்றாள் கமலாவதி.

“எந்த வாழை? எந்தக் குலை?” என்றார் கனகலிங்கம் சிரித்தபடி. “நான் ஆர், கமலம்? நீ ஆர்?”

“நீங்கள் தனுஷிகான்ரை அப்பா. வாற புதன்கிழமை கலியாணம். நான் உங்களைக் கட்டி மாரடிக்கிற விசரி. போய்க் காலைக் கழுவுங்கோ!”

கோபம் வரவில்லை மனிசனுக்கு! முன்னென்றால் முற்றத்துத் தென்னை அதிரக் கத்தியிருப்பார். சீனி போடாத தேத்தண்ணியைக் கொடுத்துப் பார்த்தாள், அமிர்தம் என்றார். ஊர்ச் சனம் படலையில் கூடத் தொடங்கிவிட்டது. இரண்டு கிழவர்கள் காலில் விழப்போக, தனுஷிகா ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினாள். கமலாவதிக்கும் உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு. உண்மையாய்த்தான் இருக்குமோ? இருந்தால்? அவள் மெல்லக் கிட்டப் போனாள்.

“இஞ்சேருங்கோ. உங்களுக்கு உண்மையா ஞானம் வந்ததெண்டா, அண்ணையை ஒருக்காப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன். உங்களுக்குத்தான் இப்ப மானம் ரோசம் ஒண்டும் இல்லையே.”

கனகலிங்கம் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண் இரண்டும் மின்னின.

“கூப்பிட்டா வரமாட்டான். இடையிலை நிக்கிறது வேலி. வேலிக்கு வேர் அந்த மரம். அந்த மரம்தான் ஆணவம்! நாளைக்குக் காலமை நான் அதைத் தறிக்கிறன். கன்னிக்காலுக்குத் தடியும் ஆச்சு, பகையும் போச்சு. மரம் போனா மச்சான் தானா வருவான்.”

கேட்டவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். கமலாவதியும் தலையாட்டினாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பகை போகும் என்ற நம்பிக்கையைவிட, மரம் போகும் என்ற சந்தோஷம் ஒரு பிடி கூடவே இருந்தது. இத்தனை வருசமாய்த் தான் வெட்ட முடியாத மரத்தை ஞானம் வந்து வெட்டப்போகிறது! ஞானியை எதிர்த்து அண்ணை என்ன செய்துவிடுவார்?

விடிந்தது. வளவுக்குள் ஊரே நின்றது. பத்து மணியோடு சுபநேரம் முடிகிறது. ஈசான மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் எடுத்து வைத்தாகிவிட்டது. கனகலிங்கம் வெள்ளை வேட்டியும் திருநீறுமாய், தோளில் கோடாலியோடு வேலியடிக்கு வந்தார்.

“புத்தருக்கு அரசமரம், எங்கடை கனகலிங்கத்தாருக்கு முள்முருக்கு!” என்று யாரோ ஒருத்தன் சொன்னான்.

“எடேய், சத்தமாச் சொல்லாதை!” என்று இன்னொருத்தன் அடக்கினான். “பிறகு இதிலையும் விகாரை கட்ட வந்திடுவாங்கள், இந்தக் காணியையும் விட்டிட்டு ஓடவேண்டி வரும்!”

சிரிப்பு அடங்க முதல் அருளம்பலம் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நெல்லியடியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் கூடினால் பிரசங்கம் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. “ஞானம் எண்டது லேசுப்பட்ட சங்கதி இல்லைப் பாருங்கோ. சித்தாந்தம் என்ன சொல்லுது? செம்பிலை களிம்பு மாதிரி உயிரிலை ஆணவம் ஒட்டிக்கொண்டு கிடக்கு. அது கழர, இறைவன்ரை அருள் வேணும். மேல்நாட்டுக்காரன் என்ன சொல்லுறான்? ஆரும் சொல்லித் தராமல், சொந்தப் புத்தியாலை யோசிக்கத் துணியிறதுதான் ஞானமாம். ஒருத்தன் உள்ளுக்கை தேடுறான், மற்றவன்...”

“மாஸ்டர்!” என்று தனுஷிகா குறுக்கே வந்தாள். புதன்கிழமை மணவறையில் தலைகுனிந்து இருக்கவேண்டிய பெட்டை, இன்றைக்கு நிமிர்ந்தே நின்றாள். “எங்கடை ஊருக்கு ஞானம் வாறதெண்டா முதல் சீதனம் ஒழியவேணும். அம்மாவுக்குச் சீதனம் எண்டு காணியைப் பிரிச்சபடியால்தானே உந்த வேலி வந்தது? வேலி வந்தபடியால்தானே மாமா இல்லாமல் நான் கன்னிக்கால் பாக்கவேண்டிக் கிடக்கு?”

கமலாவதிக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அதை மறைக்க, “நேரம் போகுது, வெட்டுங்கோ!” என்று கத்தினாள். அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவேண்டும் என்றே கத்தினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செல்வரட்ணம் துறைமுகத்தில் படகிலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருப்பார், இந்த நேரம்.

கனகலிங்கம் கோடாலியை ஓங்கினார். ஒரு வெட்டு. பட்டை பிளந்து வெள்ளையாய் உள்மரம் தெரிந்தது.

அவ்வளவுதான்! ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் ஒன்று விழுகிற சத்தம். அடுத்த கணம் தகரவேலி படபடவென்று அலற, ஒரு மனிசன் அதன் மேலால் ஏறிக் குதித்தார். மேலில் சேட்டு இல்லை, சாரம் முழுக்கக் கடல்தண்ணீர், உடம்பில் மீன் செதிள். யாரோ போன் அடித்திருக்கிறார்கள். செல்வரட்ணம் ஓடிவந்து மரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முள்முருக்கை! வெறும் நெஞ்சோடு!

“வெட்டாதை மச்சான்! உனக்குப் புண்ணியம் கிடைக்கும், வெட்டாதை!”

“விலகு, மச்சான்” என்றார் கனகலிங்கம், சிரிப்பு மாறாமல். “உது மரம் இல்லை. உனக்கும் எனக்கும் நடுவிலை நிக்கிற ஆணவம்.”

“ஆணவமும் மண்ணாங்கட்டியும்! கோடாலியைக் கீழை போடு!”

கமலாவதிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருசமாய் அடக்கி வைத்ததெல்லாம் வாயால் கொட்டியது. “பாருங்கோ சனங்களே! ஒரு சாண் மண்ணுக்கு உவர் படுற பாட்டைப் பாருங்கோ! ஒவ்வொரு வெய்யிலுக்கும் விடிய எழும்பிப் பாக்கிறன், மரத்தடி ஈரம்! தண்ணி ஊத்தி மண்ணை இளக்கி வேலியை அரக்கினது உவர்தானே? இல்லையெண்டு சொல்லச் சொல்லுங்கோ!” அந்தக் கோபத்திலும் அவள் வாயில் ‘உவன்’ என்று வரவில்லை. அதை அவளே கவனிக்கவில்லை.

“ஓமடி, நான்தான் ஊத்தினனான்!” என்று செல்வரட்ணம் திரும்பிக் கத்தினார். “ஊத்தாமல் என்ன செய்யச் சொல்லுறாய்? பட்டுப்போக விடச் சொல்லுறியோ? உன்ரை தா...”

சொல்லை அப்படியே கடித்து விழுங்கினார். கண் இரண்டும் கலங்கிச் சிவந்துவிட்டன.

“என்ரை என்ன?” என்றாள் கமலாவதி.

கனகலிங்கம் மறுபடியும் கோடாலியை ஓங்கினார். மச்சானுக்குப் படாமல், கொஞ்சம் கீழே குறிபார்த்தார். அதைக் கண்ட செல்வரட்ணம் மரத்தை விடாமலே கதறினார்.

“மச்சான், உது உங்கடை கன்னிக்காலடா! நீயும் இவளும் மணவறையிலை இருக்க ஊன்றின கால்!”

ஓங்கின கோடாலி ஓங்கினபடியே நின்றது.

“கலியாணம் முடிஞ்சு நீங்கள் நாலாஞ்சடங்குக்கு உன்ரை வீட்டை போன நேரம், அம்மா சொல்லி நான்தான் அதைப் பிடுங்கிக் கிணத்துத் தண்ணி ஓடுற வாய்க்கால் ஓரம் நட்டனான். தங்கச்சிக்கு எங்கை நட்டதெண்டு தெரியாது. அவள் திரும்பி வந்து சரியாக் குடியிருக்க முதல் ஊரே ஓடிட்டுதே! வாழவந்த வீட்டிலை கன்னிக்கால் தழைச்சா தாலி தழைக்கும், தண்ணியை விட்டிடாதை எண்டு அம்மா சொன்னவ. ஓடேக்கையும் ஒரு வாளி ஊத்திப்போட்டுத்தான் ஓடினனான். திரும்பி வந்து பாத்தா, வீடு இல்லை, கோயில் இல்லை, அது மட்டும் நிக்குது! அதைப்போய்...”

கனகலிங்கம் கோடாலியைப் பார்த்தார். மரத்தில் தான் போட்ட வெட்டைப் பார்த்தார். கை தன்பாட்டில் நெஞ்சில் இருந்த நீளத் தழும்புக்குப் போனது. முகத்தில் நேற்றுத் தொடக்கம் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஐயோ கமலம், எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி வருகுதடி!” கோடாலி கீழே விழுந்தது. “என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சாணகம் கொண்டு வாங்கோ! மஞ்சள் கொண்டு வாங்கோ! வெட்டிலை அப்புங்கோ! எடேய், ஆரடா உதிலை மிதிக்கிறது, வேர் கிடக்கு! என்ரை மரமடா!”

தென்னை அதிர்ந்தது. “அப்பாடி, ஒளி போயிட்டுது” என்றாள் மக்டலீன் அக்கா. “இனிக் கண் தெரியும்.”

சனம் சாணகத்துக்கும் மஞ்சளுக்கும் நாலாபக்கமும் ஓடியது. கமலாவதி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அவள் கண் மரத்தடி மண்ணிலேயே இருந்தது. இன்றைக்கும் ஈரம். விடிய, மீன் இறக்கத் துறைமுகத்துக்குப் போக முதல் ஊற்றியிருக்கிறார். எத்தனை காலமை அந்த ஈரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பாள்! கனகலிங்கம் ஆசுப்பத்திரியில் கிடந்த நாட்களில் அது ஈரமில்லை, சேறு. அந்தச் சேற்றைக் கண்ட எரிச்சலும் சேர்ந்துதான் அவள் அன்றைக்குக் கள்ளன் என்று கத்தினாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இங்கே தசை எல்லாம் ஆடி ஓய்ந்த பிறகும் அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. வெட்கமும் அழுகையும் ஒன்றாய் வந்து அவளை மூடின.

அவள் நடந்து போய் அண்ணைக்கு முன்னால் நின்றாள்.

“அண்ணை.”

மீன்முள் இறங்கிவிட்டது. ஆனால் அடுத்த சொல்லுக்கு அவள் பட்டபாடு! “ஏன் அண்ணை... ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம்தானே?”

“என்னெண்டு சொல்லுறது?” செல்வரட்ணம் மரத்திலிருந்து மெல்லக் கையை எடுத்தார். “அவன் பிளந்த நெஞ்சோடை கிடக்கிறான். உன்ரை தாலிமரத்தை நீயே தறிக்கிறாய் எண்டு இந்த வாயாலை சொல்லுறதோ? சொல்லி, அது பலிச்சுப்போனா? கள்ளன் எண்டு நீ சொன்னது அதைவிடக் குறைவாத்தான் நொந்தது. பிறகு நீயும் கதைக்கேல்லை, எனக்கும் ரோசம்.” அவர் மூக்கை உறிஞ்சினார். “வெய்யிலுக்கு முள்முருக்கு இலை கொட்டும். அது எனக்குத் தெரியாதோ? தெரியும். தெரிஞ்சும், ஒவ்வொரு இலை விழேக்கையும் ஈரல் கருகும். அதுதான் ஊத்தினனான்.”

அருளம்பலம் மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு வேண்டாம் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு பேர் கூடிய இடத்தில் அவர் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அண்ணையின் நெஞ்சு முழுக்க முள். சில இடத்தில் இரத்தம் துளிர்த்து, கடல்தண்ணீரோடு கரைந்து வழிந்தது. உப்புப் பட்டு எரிந்திருக்கும், மனிசன் முகம் சுளிக்கவில்லை. கமலாவதி அழுதுகொண்டே ஒவ்வொரு முள்ளாய்ப் பிடுங்கத் தொடங்கினாள்.

“விடடி, பிறகு பிடுங்கலாம்” என்றார் அவர். “நேரம் போகுது. பெட்டைக்குக் கால் ஊன்றவேணும். கத்தியைத் தாங்கோ.”

“மரத்திலை கத்தி படலாமோ, மாமா?” என்று தனுஷிகா கேட்டாள்.

“தாய்க்கு ஊன்றின காலிலை இருந்து மகளுக்குக் கொப்பு எடுக்கலாம், பிள்ளை. வேறை எதுக்கு நான் இதைக் காத்தனான்?”

அவர் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிழக்குப் பார்த்த கொப்பு ஒன்றை வெட்டினார். தனுஷிகா இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். பெண்டுகள் குலவையிட்டதுபோல் ஒரே ஆரவாரம். கனகலிங்கம் வெட்டுக்காயத்தில் சாணகத்தை அப்பியபடி, “மெல்ல, மெல்ல! மரத்தை ஆட்டாதையுங்கோ!” என்று இன்னமும் கத்திக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று நினைவு வந்து, “ஐயோ, என்ரை மணிக்கூடு!” என்றார்.

எல்லாரும் ஈசான மூலைக்குப் போனார்கள். பால் ஊற்றக் கமலாவதியைத் தேடினால் ஆளைக் காணவில்லை.

செல்வரட்ணம் குதித்த இடத்தில் தகரம் ஒன்று கழன்று விழுந்து கிடந்தது. அந்த இடைவெளியால் அவள் அண்ணையின் வளவுக்குள் போயிருந்தாள். கால் வைத்து எவ்வளவு காலம்! கிணற்றுக்கட்டு, வாளி, கயிறு, எல்லாம் அவள் சின்ன வயசில் தண்ணீர் அள்ளின இடத்திலேயே இருந்தன. ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு, புதுச்சீலை நனைய நனைய, வேலி இடைவெளியால் திரும்பி வந்தாள்.

“எடி, நேரம் போகுது! பாலை ஊத்த வா!” என்று மூலையிலிருந்து அண்ணை கூப்பிட்டார்.

“வாறன் அண்ணை” என்றாள் கமலாவதி. “இண்டைக்கு இதுக்கு நான் ஊத்திப்போட்டு வாறன்.”

வாளியைச் சாய்த்தாள். மரத்தடி ஈரமானது.